நாட்டுப் பாடலுக்கு நாடு எது?

ஆண்டு விழா அணுகும்போதெல்லாம் நம் தமிழ் மாணவர் சங்கத்தில் ஒரு வழக்கு எழுகின்றது. "நாட்டுப்புறப் பாடலுக்கும் சிறிது நேரம் ஒதுக்குங்கள்" என்பார் ஒருவர். "தீவிலே பிறந்தவனுக்கு நாட்டுப்புறம் ஏது? வயலைக் கண்டானா, வரப்பைக் கண்டானா?" என்பார் மற்றொருவர். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கப்பலேறி வந்து படிக்கும் நண்பர்கள் அதைக் கேட்டு நகைப்பர். தீவிலே பிறந்த நண்பர்கள் வாய் திறவார். முடிவில், திரைப்பாடல் நான்கு, அதற்கேற்ற ஆட்டம் நான்கு என்று நிகழ்ச்சி நிரல் வெளியாகும். வழக்கு மறு ஆண்டுக்குத் தள்ளி வைக்கப்படும்.

இவ்வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரன். சாத்தம் மரஅறுப்பு ஆலைக்குக் கூலியாக வந்த ஒருவரின் பேரன் நான். வயலும் வரப்பும் எனக்குப் படத்தில் கண்ட பொருள்களே. ஆயினும் நாட்டுப் பாடலில் எனக்கும் பங்கு உண்டு என்று வாதாட விரும்புகின்றேன். அதற்கு ஓர் இசைத்தொகுப்பைச் சாட்சியாக அழைக்கின்றேன்.

அது தமிழ் இசைத்தொகுப்பு அன்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கந்தீசா' என்பது அதன் பெயர். அதனைப் படைத்த டில்லி இசைக்குழுவின் பெயர் 'இந்தியன் ஓஷன்'. இந்துமாக்கடல்! நம் வளாகத்தின் சன்னலைத் திறந்தால் காதில் விழும் கடலின் பெயரை, கடலே காணாத டில்லியில் இருந்துகொண்டு அவர்கள் சூட்டிக்கொண்டனர். பெயரளவில் நின்றிருந்தால் நான் இதனைப் பொருட்படுத்தியிரேன். பாட்டிலும் அவர்கள் கடலைப் போலவே நடந்துகொண்டனர். பல ஆறுகள் வந்து சேர இடங்கொடுத்தனர்.

குழு தொடங்கியது 1990இல். கந்தீசாவைப் படைத்தோர் நால்வர். சுஸ்மித் சென் கிதார் வாசித்தார். அசீம் சக்கரவர்த்தி தபலாவை முழக்கிக்கொண்டே பாடினார். ராகுல் ராம் பேஸ் கிதாரோடு பாடினார். அமித் கிலாம் டிரம்ஸ் முழக்கினார். இவர்களுள் அசீம் 2009ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். சுஸ்மித் 2013இல் குழுவை விட்டு விலகினார். ஆகவே அந்நால்வரையும் ஒரே மேடையில் காணும் வாய்ப்பு இனி எவர்க்கும் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது பதிவு ஒன்றே.

அந்தப் பதிவில் என்ன இருக்கின்றது? 'மா ரேவா' என்றொரு பாட்டு. ரேவா என்பது நர்மதை ஆற்றின் மறுபெயர். அக்கரை மக்கள் தங்கள் ஆற்றைத் தாயென வாழ்த்திப் பாடும் பாட்டு அது. 'ஹில்லே ரே' என்றொரு பாட்டு. போஜ்புரிக் கவிஞர் கோரக் பாண்டே எழுதியது. உழைப்பவன் எழுந்தால் உலகம் குலுங்கும் என்பது அதன் கருத்து. தொகுப்புக்குப் பெயர் தந்த 'கந்தீசா' என்பதோ கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் பழந்துதி. ஏசுநாதர் பேசிய அரமேய மொழியின் கிளையாகிய சிரியாக்கில் அமைந்தது. தூயவனே என்று இறைவனை விளிப்பது. ஆற்றுப் பாட்டு, உழைப்பாளர் பாட்டு, கோவில் பாட்டு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கவில்லை.

இத்தகைய இசையைப் 'புரோகிரசிவ் ராக்' என்னும் வகையில் சேர்ப்பர். 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்ற வகை அது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் நடனப் பாட்டுப் போதாது என்று கருதிய இளைஞர்கள், பாட்டை நீட்டினர். தாளத்தை இடையிலே மாற்றினர். செவ்வியல் இசையையும் ஜாசையும் துணைக்கழைத்தனர். அவர்களுள் ஒரு சாரார் தம் கிராமத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தனர். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழு 1969இல் 'லீஜ் அண்ட் லீஃப்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. அவ்வாண்டு மே திங்களில் நேர்ந்த ஊர்தி விபத்தில் அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். துயரத்தோடு ஒரு நாட்டுப்புற மாளிகையில் ஒதுங்கியிருந்த மற்றவர்கள், அமெரிக்கப் பாணியைப் பின்பற்றுவதை விட்டு, பாட்டிமார் பாடிய பழங்கதைப் பாடல்களை மின்கிதாரோடு பாடத் தொடங்கினர். ஜெத்ரோ டல் என்ற குழு 1977இல் 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்' என்ற தொகுப்பில் வேறொரு வழியாக அதே கிராமத்துக்குச் சென்றது.

இவையெல்லாம் பிறர் கதை. கந்தீசா நம் கதை. அது நம்மைக் கவர்வதற்கு மூன்று காரணங்களைச் சொல்வேன்.

முதற் காரணம், அதன் பொறுமை. திரைப்பாடலுக்குக் காலக்கெடு உண்டு. இயக்குநர் கடிகாரத்தைப் பார்ப்பார். கதாநாயகன் உடை மாற்றுவதற்குள் பாட்டு முடிய வேண்டும். நாட்டுப் பாடலுக்கு அந்தக் கெடு இல்லை. நாற்று முடியுமட்டும் நடவுப்பாட்டு. குழந்தை உறங்குமட்டும் தாலாட்டு. அழுகை ஓயுமட்டும் ஒப்பாரி. வேலையே அதற்குக் கடிகாரம். கந்தீசாவின் பாடல்கள் அந்த ஓய்ந்த நடையை மதிக்கின்றன. கிதார் ஒன்று மெல்லத் தொடங்கும். அதே இழை மீண்டும் மீண்டும் வரும். கேட்பவன் சலிப்பதற்கு முன் தபலா நுழையும். குரல் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து பெற்ற குரலுக்கு இனிமை மிகுதி.

இரண்டாம் காரணம், அதன் மொழி. எனக்கு இந்தி தெரியும். தீவிலே பிறந்தவர் எவர்க்குத்தான் தெரியாது? போஜ்புரி பாதி புரியும். சிரியாக்கோ ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாத அப்பாட்டே என்னை முதலில் பிடித்துக்கொண்டது. பொருள் விளங்காமற் போனாலும் பணிவு விளங்கிற்று. பாடுவோர் அதனை மொழிபெயர்க்கவில்லை. இந்தியாக்கிக் கொடுத்தால் சந்தை பெருகும் என்று எண்ணவில்லை. பிறந்த மொழியிலேயே நிற்கவிட்டு, சுற்றிலும் இசையால் துணை நின்றனர். வங்காளியும் தமிழனும் தெலுங்கனும் நிக்கோபாரியும் ஒரே பேருந்தில் செல்லும் இத்தீவில் வாழ்பவர்க்கு இந்தப் பண்பாடு புதியதன்று. நாம் நாள்தோறும் செய்வதை அவர்கள் பாட்டில் செய்தனர்.

மூன்றாம் காரணமே தலையாயது. அப்பாடல்களைப் பாட அவர்களுக்கு என்ன உரிமை? நால்வரில் எவரும் நர்மதைக் கரையில் பிறந்தவரல்லர். கேரளத்துச் சிரியன் சபைக்கும் அவர்களுக்கும் உறவில்லை. பிறப்பே உரிமை என்றால் அத்தொகுப்பில் பாதியை அழித்துவிட வேண்டும். ஆனால் ராகுல் ராமின் வரலாற்றைப் பாருங்கள். அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நாடு திரும்பி, நர்மதைப் பாதுகாப்பு இயக்கத்தில் சேர்ந்து, அணையால் நிலமிழக்கவிருந்த மக்களோடு இருந்தார். அம்மக்களிடையே கேட்ட பாட்டுத்தான் பின்னர் 'மா ரேவா' ஆயிற்று. ஆய்வுக்கூடத்தில் ஆற்றைச் சோதித்திருக்க வேண்டியவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாட்டைக் கற்றுக்கொண்டார்! தொகுப்பு வெளிவந்த அதே 2000ஆம் ஆண்டின் அக்டோபரில், சர்தார் சரோவர் அணையைத் தொடர்ந்து கட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் அணை திறந்து வைக்கப்பட்டது. கரையோரத்து ஊர்கள் பல நீரில் மூழ்கின. பாட்டு மூழ்கவில்லை.

பாட்டின் உரிமை பிறந்த ஊரால் வருவதன்று. நடந்து சென்று, உடனிருந்து, கேட்டுக் கற்பதால் வருவது. கந்தீசாவின் கவர்ச்சிக்கு வேர் இதுவே என்பது என் துணிபு.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காடு என்று 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் கூறுகின்றது. இவர்கள் எப்படி வந்தனர்? கைதியாய் வந்தவர் சிலர். காட்டுக்கும் துறைமுகத்துக்கும் கட்டட வேலைக்கும் கூலியாய் வந்தவர் பலர். கச்சால் தீவுக்கு வந்தவர் கதையோ தனிக்கதை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின் விளைவாக இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழருள் சிலர், அங்கே றப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். தமிழகத்திலிருந்து இலங்கை, இலங்கையிலிருந்து நிக்கோபார்த் தீவு. இரண்டு கடல் தாண்டிய மக்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கச்சாலைத் தாக்கியபோது மூன்றாம் முறையாக எழுந்து நடந்தவர்களும் அவர்களிடையே உண்டு.

என் வகுப்புத் தோழி ஒருவரின் பாட்டி அப்படி நடந்தவர். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள நம் போர்ட் பிளேரில் மகள் வீட்டில் இருக்கின்றார். விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் றப்பர்ப் பால் வெட்டியே வாழ்நாளைக் கழித்தவர். அவரைப் பாடச் சொல்லிக் கேட்டேன். "எனக்கென்ன தம்பி தெரியும்? எங்க அம்மா பாடினதுதான்" என்று சொல்லிவிட்டுப் பாடினார். பாட்டு முழுவதும் தேயிலைக் கொழுந்து! கொழுந்துக் கூடை, மலைப்பனி, பெரட்டுக் களம், கங்காணியின் அதட்டல். கச்சாலில் மலையுமில்லை, பனியுமில்லை, தேயிலையுமில்லை. அவர் தாயார் இலங்கை மலையில் பாடியதை இவர் நிக்கோபார்க் கடற்கரையில் றப்பர் மரத்தடியில் பாடியிருக்கின்றார்.

இலக்கணம் கற்ற நண்பர்கள் இதனைத் திணைமயக்கம் என்பர். குறிஞ்சிக்குரிய பாட்டு நெய்தலில் ஒலிக்கின்றது. ஒலித்தால் என்ன குறை? பாட்டு தன் நிலத்தை உடன் கொண்டு வந்திருக்கின்றது. "தீவிலே பிறந்தவனுக்கு நாட்டுப்புறம் ஏது?" என்று கேட்டவருக்கு அப்பாட்டியின் குரலே விடை. நாட்டுப்புறம் என்பது நிலப்படத்தில் உள்ள இடமன்று. ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு இறங்கும் உடைமை. வயலை விட்டுவந்த என் பாட்டனார் பாட்டை விட்டுவரவில்லை. அதனைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது பேரனின் கடமை.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் பார்ப்போம். மறுப்பில்லாத வழக்குச் சுவையற்றது.

"மின்கிதாரும் டிரம்ஸும் சேர்ந்தால் நாட்டுப் பாடலின் தூய்மை கெடும்" என்பர் சிலர். தூய்மை என்று அவர்கள் எதனைச் சொல்லுகின்றனரோ அறியேன். நம் நாடக மேடையிலும் பசனை மடத்திலும் முழங்கிய ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த விருந்து. கர்நாடக இசையில் பிடில் புகுந்தது பாலுசாமி தீட்சிதர் காலத்தில். அதுவும் கடல் தாண்டி வந்ததே. விருந்தாக வந்த கருவி வீட்டுப் பிள்ளையாகும்போது, கிதார் மட்டும் வாயிலில் நிற்க வேண்டுமா? இதற்கும் மேலான சான்று நம் இளங்கோவடிகள். வேட்டுவர் ஆடிய வரி, ஆய்ச்சியர் ஆடிய குரவை, குன்றவர் ஆடிய குரவை, பரதவர் கானலில் எழுந்த வரி, மகளிர் உலக்கை பிடித்துப் பாடிய வள்ளைப்பாட்டு ஆகிய அனைத்தையும் மூவேந்தரைப் பாடும் காப்பியத்துக்குள் அவர் அமர்த்தினார். மக்கள் பாட்டை உயர்ந்த கலைக்குள் கூட்டி வருவது மேனாட்டார் கற்பித்த வித்தையன்று. சிலம்பு கற்பித்த பாடம்.

"திரைப்படமே நாட்டுப் பாடலை நமக்குத் தருகின்றதே; வேறென்ன வேண்டும்?" என்பர் வேறு சிலர். தருகின்றது, மறுக்கவில்லை. 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது கிராமத்து மெட்டுக்குத் தமிழகம் முழுதும் கிடைத்த வரவேற்பை யார் மறப்பார்? ஆனால் திரைப்பாடல் கதைக்குக் கட்டுப்பட்டது. பாடிய கிழவியின் பெயர் அதில் வராது; அவள் துயரம் கதாநாயகியின் துயரமாய் உருமாறும். ஆறு மாதம் கழித்து அடுத்த படம் வரும். திரைப்பாடல் இருக்கட்டும். அது ஒன்றே இருக்கட்டும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. தமிழகத்திலும் இன்று வேறு வழி தேடுவோர் உள்ளனர். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் பறையையும் ராக் இசையோடு சேர்த்து, சாதிக்கெதிராகப் பாடியது. படம் எதுவும் இல்லாமலே மக்கள் கூடிக் கேட்டனர்.

மூன்றாவது மறுப்பு வலியது. "ஏழையின் பாட்டை எடுத்துப் படித்தவன் புகழ் தேடுவது களவன்றோ?" என்பது அது. இதனை எளிதாகத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. பாடியவர் பெயரை மறைத்தால் களவுதான். பணம் வரும்போது அவரை மறந்தால் களவுதான். அவர் வேண்டாமென்று சொன்ன பாட்டை மேடையேற்றினால் களவினும் கொடிது. ஒப்பாரியை ஆட்டத்துக்கு இசையாக்குவோரை நான் கண்டிருக்கின்றேன். என் தலை குனிந்தது. ஆயின், திருடுவார் உண்டென்பதற்காகச் செல்வத்தைப் புதைத்துவைப்பது அறிவாகாது. கேட்டுப் பெறுவதும், பெயர் சொல்லிப் பாடுவதும், உடன் அழைத்து அமர்த்துவதும் நம் கையில் உள்ளன.

புதைத்துவைத்த செல்வம் என்னாகும் என்பதற்கு இத்தீவே சான்று. பெரிய அந்தமானியர் மொழிகளுள் 'போ' என்பது ஒன்று. அதனைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010ஆம் ஆண்டு ஜனவரி 26இல் மறைந்தார். அவரோடு அம்மொழி முடிந்தது. மறுமொழி சொல்ல மனிதர் இல்லாமையால் அவர் பறவைகளோடு தம் மொழியில் பேசுவார் என்று, அவர் சொல்லையும் பாட்டையும் பதிவு செய்த மொழியியல் அறிஞர் அன்விதா அபி கூறியுள்ளார். அப்பேராசிரியர் வந்திராவிட்டால் நமக்கு அப்பாட்டின் ஒலிகூட மிஞ்சியிராது. தமிழுக்கு அந்நிலை வாராது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி இது. ஆயினும் கச்சால் பாட்டியின் பாட்டைப் பாடுவோர் கோடிக்கணக்கில் இல்லை. மொழி வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அதன் பாட்டு ஒவ்வொன்றாய் இறப்பதுண்டு. அவ்விறப்பு எந்தச் செய்தித்தாளிலும் வராது.

தமிழகத்தில் இவ்வேலையைச் செய்தவர் பலர். கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958இல் வந்தது. அதிலுள்ள பாடல்களைத் திரட்டியவர் பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி! பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. இலங்கையில் மலையக மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டினார். அந்தமான் தமிழரின் பாடல்களைத் திரட்டப் பிறர் வரவேண்டுமென்று நாம் காத்திருக்கலாமா? கையில் பதிவுக்கருவி இல்லாத காலத்தில் அவர்கள் ஏட்டில் எழுதினர். நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பதிவுக்கருவி உறங்குகின்றது.

ஆகவே சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

ஒன்று: இவ்விடுமுறையில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் ஒரே ஒரு பாட்டைக் கேட்டுப் பதிவு செய்து வருக. பாடியவர் பெயர், அவர் முன்னோர் ஊர், எந்த வேலையின்போது பாடியது, எவரிடம் கற்றது என்னும் நான்கையும் உடன் எழுதுக. வெளியே பாட அவருக்கு இசைவு உண்டா என்றும் கேட்டு எழுதுக. தமிழகத்திலிருந்து வந்த நண்பர்களுக்கும் இது பொருந்தும். வயலும் வரப்பும் கண்டவர்கள் என்று பெருமை பேசுகின்றீர்களே, உங்கள் பாட்டியின் நடவுப்பாட்டில் எத்தனை அடி உங்களுக்குத் தெரியும்?

இரண்டு: ஆண்டு விழாவில் அரைமணி நேரம் அப்பாடல்களுக்கு ஒதுக்குக. கிதார் பயின்ற நண்பர்கள் விடுதியில் நால்வர் இருக்கின்றனர். தப்பு அடிக்கத் தெரிந்தவர் இருவர் உள்ளனர். பாட்டியின் குரல் முன்னே செல்லட்டும். கருவிகள் பின்னே நடக்கட்டும். கந்தீசா காட்டிய முறை அதுதான். இயன்றால் பாடியவரையே அழைத்து முன்வரிசையில் அமர்த்துக.

மூன்று: மேடையை நமக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டா. 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் நம்மோடு படிக்கின்றனர். படகோட்டிகளின் பாட்டியாலி அவர்கள் வீட்டில் இருக்கின்றது. 1918 முதல் காட்டு வேலைக்குச் சோட்டா நாகபுரியிலிருந்து அழைத்துவரப்பட்டு, 'ராஞ்சி'க்காரர் என்றே பெயர் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர். 1925இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர்ப் பக்கம் வந்த கரேன் மக்களின் வழியினர் இருக்கின்றனர். நிக்கோபார் நண்பர்கள் இருக்கின்றனர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கடல் தாண்டிய பாட்டு உண்டு. அவர்களை அழைப்போம். மொழி புரியாதே என்று தயங்க வேண்டா. சிரியாக் எனக்குப் புரிந்தா கந்தீசாவை நான் கேட்டேன்?

இத்தனைக்குப் பின்னும் எவரேனும், "தீவுத் தமிழனுக்கு நாட்டுப் பாடல் ஏது?" என்று கேட்பாராயின், அவரோடு வாதாட வேண்டா. ஒரு பாட்டியின் திண்ணைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் கையில் பதிவுக்கருவியைக் கொடுங்கள். மற்றதைப் பாட்டி பார்த்துக்கொள்வார்.